உதவிக்கு வருபவரிடம் எதைத் திறந்து விடுவது?



இன்று நமது வீடுகளில் மென்பொருள் எழுதும் பிள்ளைகள் பெருகி வருகிறார்கள். ஒருவர் ஊர்க் கடையின் கடன் கணக்கைக் கணனியில் ஏற்றிக் கொடுக்கிறார். ஒருத்தி பாடசாலை மாணவர் பதிவுக்கு மென்பொருள் செய்கிறாள். இன்னொருவர் பள்ளிவாசலின் ஸகாத் பட்டியலுக்கே செய்து கொடுக்கிறார். மகிழ்ச்சிக்குரிய விடயந்தான். இவர்களில் பலர் கேர்சர், கிளோட் கோட், கிட்ஹப் கோபைலட் போன்ற செயற்கை நுண்ணறிவு உதவியாளர்களைத் துணைக்கு வைத்துக் கொண்டே எழுதுகிறார்கள்.

இந்த உதவியாளர் எவ்வாறு வேலை செய்கிறது என்பதனைத் தாய்மாரும் அறிந்திருப்பது நல்லது. ஒரு வேலைக்குரிய கோப்புகள் யாவும் ஒரு கோப்புறையில் இருக்கும். உதவியாளர் அதனுள் சென்று, தேவையென்று தான் கருதுகின்ற கோப்புகளை வாசிக்கிறது. வாசித்தவை இணையத்தினூடாக அந்நிறுவனத்தின் கணனிகளுக்குச் செல்கின்றன. அங்கிருந்துதான் பதில் வருகிறது. நமது வீட்டு மேசையில்தானே இருக்கிறது என்று நாம் எண்ணியிருக்கும் தகவல், இவ்விதமாகக் கடல் கடந்து போய்விடலாம்.

சுவர் பூசுவதற்கு மேசன் பாஸ் வந்தால் நாம் என்ன செய்கிறோம்? அந்த அறையைத் திறந்து விடுகிறோம். நகை வைத்த அலுமாரியைப் பூட்டிச் சாவியை எடுத்துக் கொள்கிறோம். அவர் கள்வர் என்பதனால் அல்ல. அவருடைய வேலைக்கு அந்த அலுமாரி தேவையில்லை என்பதனால். அறையில் கிடக்கும் தட்டுமுட்டுச் சாமான்களையும் அப்புறப்படுத்துகிறோம். அவை இருந்தால் வேலை கெடும்.

கணனியிலும் இதே இரண்டு காரியங்கள்தாம். முதலாவது, இரகசியமானவற்றைப் பூட்டுவது. கடவுச்சொற்களும் வங்கிக் கட்டணச் சேவைக்குரிய சாவிகளும் பெரும்பாலும், பெயரின் முன்னால் புள்ளி வைத்த 'என்வ்' என்னும் கோப்பில் எழுதப்பட்டிருக்கும். மனிதர்களின் பெயர், முகவரி, அடையாள அட்டை இலக்கம் ஆகியவை அடங்கிய பட்டியல்களும் இவ்வகையைச் சேர்ந்தவையே. இரண்டாவது, தேவையற்றவற்றை ஒதுக்குவது. 'நோட் மொடியூல்ஸ்' என்ற கோப்புறையில் பிறர் எழுதிய ஆயிரக்கணக்கான கோப்புகள் கிடக்கும். உதவியாளர் ஒரே நேரத்தில் மனதில் வைத்திருக்கக்கூடிய எழுத்துக்கு ஓர் அளவுண்டு. அந்த இடத்தைக் குப்பை பிடித்துக் கொண்டால் பதிலும் பிழைக்கும், செலவும் கூடும்.

இதற்கான வழியும் உண்டு. கேர்சரில் 'கேர்சர்இக்னோர்' என்ற கோப்பை உண்டாக்கி, வாசிக்கக் கூடாதவற்றின் பெயர்களை அதில் எழுதி வைக்கலாம். கிளோட் கோட்டில் அமைப்புக் கோப்பிலே தடைப்பட்டியல் ஒன்று எழுதலாம். நிறுவனங்களுக்கான கோபைலட்டில், பொறுப்பாளர் இன்னின்ன கோப்புகள் வேண்டாம் என விலக்கி வைக்கலாம்.

எனினும் இப்பட்டியல்களை இரும்புப் பூட்டென்று நம்பிவிட வேண்டாம். உதவியாளர் கணனிக்குக் கட்டளையிட்டு வேறு வழியாக அதே கோப்பைத் திறந்து விடவும் கூடும். ஆகவே, உண்மையான சாவியையும் உண்மையான பட்டியலையும் அந்தக் கோப்புறையினுள் வையாதிருப்பதே உறுதியான காவல். பரீட்சித்துப் பார்ப்பதற்குக் கற்பனைப் பெயர்களே போதும். தவறுதலாக ஒரு சாவி வெளியே போய்விட்டால், கோப்பிலிருந்து அழிப்பதோடு நின்றுவிடாமல், அந்தச் சாவியையே செல்லாததாக்கிப் புதியதைப் பெற வேண்டும்.

பெரிய நிறுவனங்களும் இதில் அகப்பட்டிருக்கின்றன. 2023 ஆம் ஆண்டில் சம்சுங் நிறுவனத்தின் ஊழியர்கள் சிலர், பிழை திருத்துவதற்காகத் தமது நிறுவனத்தின் மென்பொருள் வரிகளை சாட்ஜிபிடியில் இட்டு விட்டார்கள். அவ்வாண்டு மே மாதத்தில் அந்நிறுவனம் இத்தகைய கருவிகளைத் தனது ஊழியர்களுக்குத் தடை செய்தது. அதற்கும் முன்னர், 2016 இல், ஊபர் நிறுவனத்தின் மென்பொருள் வரிகளுக்கிடையே எழுதி வைத்திருந்த ஒரு சாவி அந்நியர் கையில் அகப்பட்டது. 5 கோடி 70 இலட்சம் பேருடைய தகவல்கள் அதனால் களவு போயின. அங்கே செயற்கை நுண்ணறிவு எதுவும் இருக்கவில்லை. சாவி இருக்கக் கூடாத இடத்தில் இருந்ததே காரணம்.

நமது நாட்டிலும் 2022 ஆம் ஆண்டின் 9 ஆம் இலக்க தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டம் நிறைவேற்றப்பட்டிருக்கிறது. ஆனால் சட்டத்துக்கும் முன்னரே நமக்கு அமானிதம் என்ற ஒன்று இருக்கிறது. ஸகாத் பட்டியலில் இருப்பது வெறும் பெயர்களா? கணவனை இழந்து, அயலவருக்கும் தெரியாமல் கையேந்திய ஒரு சகோதரியின் மானம் அதில் இருக்கிறது. அவள் பள்ளிவாசலை நம்பித் தன் நிலையைச் சொன்னாள். அது எங்கோ ஓர் அந்நியக் கணனிக்குப் போவதற்கு அவள் சம்மதிக்கவில்லை.

ஆகவே சகோதரிகளே, கணனி தெரியாது என்று ஒதுங்கி நிற்காதீர்கள். பிள்ளையிடம் மூன்று கேள்விகள் கேளுங்கள். இந்தக் கோப்புறையில் யாருடைய தகவல் இருக்கிறது? உதவியாளர் எவற்றையெல்லாம் வாசிக்கிறது? வாசிக்கக் கூடாதவற்றை எங்கே எழுதி வைத்திருக்கிறாய்? மூன்றாவதற்குப் பதில் வராவிட்டால், அன்றைய வேலையை அங்கிருந்தே தொடங்கச் சொல்லுங்கள்.