தோழிக்கு ஆகும் செலவு



கல்யாண மாதங்கள் நெருங்கினால் நமக்கு வரும் கடிதங்களில் பாதி முகூர்த்தப் புடவை, நகை, சமையல் கான்ட்ராக்ட் பற்றியே இருக்கும். சில வருடங்களாக இன்னொரு வகைக் கடிதமும் சேர்ந்துகொண்டிருக்கிறது. நியூஜெர்சியிலும் டொரண்டோவிலும் லண்டனிலும் படிக்கிற, வேலை பார்க்கிற நம் பெண்கள் எழுதுவது. கூடப் படித்தவளுக்குக் கல்யாணம். பிரைட்ஸ்மெய்டாக, அதாவது மணப்பெண்ணின் தோழியாக, பக்கத்தில் நிற்க வேண்டும் என்று அவள் கட்டிக்கொண்டு கேட்டிருக்கிறாள். இவளும் மனம் குளிர்ந்து சம்மதித்திருக்கிறாள். உடைக்கு ஆர்டர் கொடுக்கும் அன்று தொடங்குகிறது கவலை. சொன்ன விலை ஒன்று, கையை விட்டுப் போன பணம் வேறு. அளவு கொடுத்து வாங்கிய உடை இடுப்பில் ஏறவில்லை, அல்லது தோளில் நிற்கவில்லை. இதைச் சிநேகிதியிடம் சொல்லவும் மனமில்லை, ஊரில் அம்மாவிடம் சொன்னால் புரியுமா என்ற தயக்கமும் இருக்கிறது.

அம்மாக்களுக்கும் புரியட்டும் என்றுதான் இந்த மாதம் இந்தப் பக்கத்தை இதற்கு எடுத்துக்கொண்டேன்.

முதலில் வழக்கத்தைச் சொல்லிவிடுகிறேன். நாகர்கோவில், பாளையங்கோட்டை, தூத்துக்குடிப் பக்கம் நடக்கும் கிறிஸ்தவக் கல்யாணங்களில் மணப்பெண்ணின் தோழிக்கும், பூத்தட்டு ஏந்தி வரும் சிறுமிக்கும் பெரும்பாலும் கல்யாண வீட்டாரே துணி எடுத்துத் தைத்துக் கொடுத்துவிடுவார்கள். பிரிட்டனிலும் பழைய வழக்கம் ஏறக்குறைய அதுதான். அமெரிக்காவில் அப்படி இல்லை. நிறத்தையும் மாடலையும் மணப்பெண் முடிவு செய்வாள். பணம் தோழி கொடுக்க வேண்டும். அங்கே பிறந்து வளர்ந்தவர்களுக்கு இது தெரிந்த விஷயம். நம் பெண்ணுக்கு, கடை பில்லைப் பார்க்கும்போதுதான் தெரிகிறது.

உடை 180 டாலர் என்று வைத்துக்கொள்வோம். அங்கே தோழி உடைகள் பெரும்பாலும் 100 டாலர் முதல் 300 டாலருக்குள் கிடைக்கின்றன. அதில் நடுவாந்தரம் இது. உயரமானவளாக இருந்தால் நீளம் கூட்ட ஒரு கட்டணம். குறிப்பிட்ட சைஸுக்கு மேல் போனால் இன்னொரு கட்டணம். இவ்வகை உடைகளை ஆர்டர் வந்த பிறகே வெட்டித் தைக்கும் கம்பெனிகள் பல. கைக்கு வர 3 மாதம், 4 மாதம் ஆகும். தாமதமாக ஆர்டர் கொடுத்தால் அவசரக் கட்டணம். பிறகு விற்பனை வரி, அனுப்பும் செலவு. இத்தனையும் கொடுத்து உடை வந்து சேர்ந்த பிறகுதான் பெரிய செலவே ஆரம்பிக்கிறது, அது ஆல்டரேஷன்.

இந்த உடைகளை உயரமான பெண் ஹீல்ஸ் போட்டு நிற்பதை மனதில் வைத்து நீளமாக வெட்டுகிறார்கள். 5 அடி 2 அங்குலம் உள்ள நம் பெண் உடுத்தினால் தரையில் புரளும். ஓரம் மடித்து அடிப்பது நமக்குச் சின்ன வேலை. அங்கே அப்படி இல்லை. மேலே ஷிஃபான், அடியில் லைனிங், சிலவற்றில் நடுவே இன்னொரு அடுக்கு என்று இருக்கும். ஒவ்வொரு அடுக்குக்கும் தனியாக வெட்டி, தனியாக அடித்து, தனியாகக் காசு வாங்குவார்கள். தோள்பட்டை நாடாவைத் தூக்கித் தைக்க, பக்கத் தையலைப் பிடிக்க, மார்புப் பக்கம் கப் வைக்க எல்லாவற்றுக்கும் தனித்தனி விலை. இதற்குள் போட வேண்டிய உள்ளாடையே வேறு வகை. மணப்பெண் சொன்ன நிறத்தில் செருப்பு, தலையலங்காரம், மேக்கப் எல்லாம் சேரும்போது அந்த 180, 350ஐத் தொட்டுவிட்டால் ஆச்சரியப்படாதீர்கள். தையல்காரர் அதிகம் கேட்கிறார் என்று நான் சொல்ல மாட்டேன். வழுக்கும் ஷிஃபானை நேராக வெட்டி ஓரம் அடித்தவர்களுக்கு அந்தக் கூலியின் நியாயம் தெரியும். ஆனால் இப்படி ஒரு செலவு இருக்கிறது என்பதை ஆர்டர் கொடுக்கும் முன்பே அந்தப் பெண்ணுக்கு யாராவது சொல்லியிருக்க வேண்டும்.

இனி அளவு விஷயம். கடிதம் எழுதியவர்களில் பலர் இந்த இடத்தில்தான் ஏமாந்திருக்கிறார்கள், அதனால் நிதானமாகச் சொல்கிறேன்.

நாம் டெய்லரிடம் போகும்போது அளவு ஜாக்கெட் கொண்டு போகிறோம். கை ஒரு விரல் இறக்கம், கழுத்து கொஞ்சம் தூக்கி, உள்ளே துணி விட்டுத் தையுங்கள் என்று சொல்லிவிட்டு வருகிறோம். அந்த ஜாக்கெட் நம் ஒருத்திக்கே தைக்கப்படுகிறது. இதில் பழகிய பெண், அங்கே கடையில் டேப் வைத்து மார்பு, இடுப்பு, இடுப்பின் கீழ்ச் சுற்று என்று மூன்று அளவு எடுத்ததும், நமக்கென்றே தைக்கப்போகிறார்கள் என்று நம்பிவிடுகிறாள். அந்த அளவுகளை அவர்கள் ஓர் அட்டவணையோடு ஒப்பிட்டுப் பார்ப்பார்கள், அவ்வளவுதான். மூன்றில் எது பெரிய சைஸில் விழுகிறதோ அந்த சைஸுக்கு ஆர்டர் போடுவார்கள். மார்பு 8இல் விழுந்து இடுப்பு 12இல் விழுந்தால், வருவது 12. மார்பில் தொளதொளவென்று இருப்பதைக் காசு கொடுத்துப் பிடித்துக்கொள்ள வேண்டியது நம் பாடு. தன் அளவுக்கே தைக்கப் போகிறார்களா, அட்டவணை சைஸில் அனுப்பப் போகிறார்களா என்று ஆர்டருக்கு முன்பே வாய்விட்டுக் கேட்டுவிட வேண்டும்.

இரண்டு அளவுக்கு நடுவே நின்றால் பெரியதையே எடுங்கள் என்று நான் சொல்வதும் இதனால்தான். பெரியதைப் பிடிக்கலாம். சின்னதைப் பிரித்து விட உள்ளே துணி இருக்காது. நம் டெய்லர் விடுகிற மாதிரி தாராளமாக அவர்கள் விடுவதில்லை. கல்யாணத்துக்குள் இளைத்துவிடுவேன் என்ற நம்பிக்கையில் சின்ன சைஸ் எடுத்தவர்களின் கடிதங்களைப் படிக்கவே கஷ்டமாக இருந்தது. இடுப்புக்குக் கீழே மணி போல விரியும் பாவாடை வெட்டாக இருந்தால் கீழ்ச் சுற்றைப் பற்றிக் கவலை வேண்டாம், மார்பும் இடுப்பும் சரியாக இருந்தால் போதும்.

வழக்கமாக 8 போடுகிற பெண்ணுக்கு அட்டவணை 12 என்று சொல்லும். உடனே முகம் வாடிவிடும். அந்த எண்ணின் கதையைத் தெரிந்துகொண்டால் வாட்டம் போய்விடும். 1939-40இல் அமெரிக்க விவசாயத் துறை, ரூத் ஓ'பிரையன், வில்லியம் ஷெல்டன் என்ற இருவரைக் கொண்டு சுமார் 15,000 பெண்களை அளந்தது. ஒவ்வொருவரிடமும் 59 அளவுகள் எடுத்தார்கள். வெள்ளையரல்லாத பெண்களின் அளவுகளைக் கணக்கில் சேர்க்கவில்லை. அளந்து காட்ட முன்வந்தவர்களிடம் மட்டும் எடுத்த அளவு அது. தபாலில் துணி விற்ற கம்பெனிகள் திரும்பி வரும் சரக்கால் நஷ்டப்பட்டு, ஒரு பொது அளவு வேண்டும் என்று கேட்டுக்கொண்டதால், இந்த வேலையை அடியொற்றி 1958இல் அமெரிக்க அரசு ஓர் அளவுத் தரம் வெளியிட்டது. நாட்டுப் பெண்கள் அதில் அடங்கவில்லை. கம்பெனிகள் தங்கள் இஷ்டத்துக்கு எண்ணைக் குறைத்துக்கொண்டே வந்தன, சின்ன எண் எழுதினால் பெண்கள் சந்தோஷமாக வாங்குகிறார்கள் என்று கண்டுகொண்டதால். 1983இல் அரசு அந்தத் தரத்தையே விலக்கிக்கொண்டது. 1958இல் 8 என்று எழுதப்பட்ட உடையின் மார்பும் இடுப்பும் இன்றைய மிகச் சின்ன சைஸைவிடக் குறைவு. கல்யாண உடைக் கம்பெனிகள் பல, பழைய கணக்கை ஒட்டியே இன்னும் எண் போடுகின்றன. அதனால்தான் அன்றாட உடையைவிட ஒன்றிரண்டு சைஸ் கூடுதலாகத் தெரிகிறது. கடல் தாண்டி பிரிட்டனுக்குப் போனால் அதே உடம்பு அங்கே இன்னும் 4 எண் ஏறிவிடும். கண்ணே, உன் உடம்பு மாறவில்லை. அங்குலத்தை மட்டும் பார்.

பெரிய சைஸுக்குக் கூடுதல் பணம் வாங்குவதைப் பற்றி என் மனதில் இருப்பதைச் சொல்லிவிடுகிறேன். துணி கூடுதலாக ஆகிறது என்பார்கள். அப்படியானால் மிகச் சின்ன சைஸ் எடுப்பவளுக்குத் துணி குறைந்ததற்காக விலையும் குறைய வேண்டுமே, குறைப்பதில்லை. ஆறு தோழிகள் ஒன்றாகக் கடைக்குப் போய், ஐந்து பேருக்கு ஒரு விலையும் ஒருத்திக்கு மட்டும் வேறு விலையும் எல்லோர் காதிலும் விழச் சொல்லும்போது, அவள் எப்படி நிற்பாள்? அந்த ஒருத்தி எழுதிய கடிதம் என் மேஜையில் இருக்கிறது. எல்லா சைஸுக்கும் ஒரே விலை வைக்கிற கம்பெனிகளும் இருக்கின்றன. மணப்பெண்கள் அவற்றைத் தேடிப் பிடியுங்கள் என்று மன்றாடிக் கேட்டுக்கொள்கிறேன்.

பணத்தை முழுதாக முன்கூட்டியே கட்டுவதிலும் ஆபத்து உண்டு. 2017 ஜூலையில் ஆல்ஃபிரட் ஆஞ்சலோ என்ற பெரிய கல்யாண உடை நிறுவனம் தன் கடைகளை எல்லாம் திடீரென்று பூட்டித் திவாலானது. பல பத்தாண்டுகள் பெயரெடுத்த நிறுவனம் அது. மணப்பெண்களும் தோழிகளும் பூட்டிய கதவின் முன்னால் நின்றார்கள். அப்போது நடந்த ஒன்று எனக்கு மறக்கவே இல்லை. கல்யாணம் முடிந்த பெண்கள் தங்கள் உடைகளை முகம் தெரியாத பெண்களுக்குக் கொடுக்க முன்வந்தார்கள். அந்தக் கடைகளில் வேலை பார்த்த தையற்பெண்கள் சிலர், சம்பளம் வராது என்று தெரிந்தும், அரைகுறையாகக் கிடந்த உடைகளைத் தைத்து முடித்துக் கொடுத்தார்கள். அவர்களுக்கு இங்கிருந்து ஒரு கும்பிடு. நீங்கள் பணம் கட்டும்போது கிரெடிட் கார்டில் கட்டுங்கள். பொருள் வராவிட்டால் வங்கியிடம் முறையிட வழி இருக்கிறது. திருப்பி எடுப்பார்களா என்பதையும் எழுத்தில் வாங்குங்கள். ஆர்டரின் பேரில் தைத்ததைப் பெரும்பாலும் திருப்பி எடுக்க மாட்டார்கள்.

சென்னையில் தைத்து அனுப்பச் சொன்னால் மலிவாக முடியுமே என்று கேட்கிறார்கள். முடிந்துகொண்டுதான் இருந்தது. அமெரிக்காவில் 800 டாலர் வரையிலான பொட்டலத்துக்கு இருந்த வரிவிலக்கு 2025 ஆகஸ்ட் இறுதியோடு நின்றது. அந்தக் குழப்பத்தில் நம் தபால் துறையே அமெரிக்காவுக்குப் பொட்டலம் எடுப்பதைச் சில வாரங்கள் நிறுத்தி வைத்திருந்தது. கனடாவில் இங்கிருந்து போகும் தபாலுக்கு 20 டாலர் தாண்டினாலே வரி, கூரியர் கம்பெனியின் கட்டணம் தனி. அங்கே விற்கும் உடைகளும் பெரும்பாலும் சீனாவில் தைத்து வருபவையே. சூசௌ நகரத்தில் புலிக்குன்று என்னும் பகுதி முழுக்கக் கல்யாண உடைக் கடைகள். அதனால் வரி ஏறினால் எல்லோருக்கும் ஏறும். இருந்தாலும் அம்மாவின் டெய்லரிடம் அந்தப் பெண்ணின் அளவு ஜாக்கெட் இருக்கிறது அல்லவா? ஆல்டரேஷன் செலவு மிச்சமாவதைக் கணக்குப் போட்டுப் பாருங்கள். ஊருக்கு வருகிறவர் பெட்டியில் இடம் கிடைத்தால் இன்னும் நல்லது.

மணப்பெண்ணாகப் போகிறவர்களிடம் ஒரு வார்த்தை. உன் தோழிகள் உன்னிடம் பணக் கஷ்டம் சொல்ல மாட்டார்கள். உன் மேல் உள்ள பிரியத்தில் கடன் வாங்கியாவது நிற்பார்கள். அதனால் நீதான் முதலில் கேட்க வேண்டும், அதுவும் வாட்ஸ்அப் குழுவில் எல்லோர் முன்பும் இல்லாமல், ஒவ்வொருத்தியிடமும் தனியாக. எல்லாச் செலவும் சேர்த்து எவ்வளவு உன்னால் முடியும் என்று கேள். அதில் குறைவான தொகை எதுவோ அதற்குள் உடையைத் தேடு. ஒரே நிறம், ஒரே துணி என்று மட்டும் சொல்லிவிட்டு, கழுத்தும் கையும் அவரவர் உடம்புக்கு ஏற்றபடி எடுத்துக்கொள்ள விடலாம். இப்போது பலர் அப்படித்தான் செய்கிறார்கள், படத்திலும் அழகாகவே இருக்கிறது. துணி ஒரே சாயத் தொட்டியிலிருந்து வர வேண்டும் என்பதால் எல்லோருக்கும் சேர்த்து ஒரே நாளில் ஆர்டர் கொடு. பின்னால் சேருகிறவளின் உடை ஒரு சாயல் வேறாக வந்துவிடும். தோழிகளில் ஒருத்தி முழுகாமல் இருக்கிறாள் என்றால், கல்யாண நாளில் அவளுக்கு எத்தனையாவது மாதம் என்று எண்ணிப் பார்த்து, அதற்கேற்ற உடையை அவளுக்கு மட்டும் வேறாக எடு.

இது வெளிநாட்டுக் கதை என்று இங்கே இருக்கிறவர்கள் பக்கத்தைத் திருப்பிவிட வேண்டாம். ரிசப்ஷனுக்குத் தோழிகள் எல்லோரும் ஒரே நிறப் புடவை என்கிற ஏற்பாடு நம் ஊரிலும் வந்துவிட்டது. புடவை விலையைவிட ஆரி வேலை செய்த ஜாக்கெட்டின் கூலி கூடிப்போய், முதல் வேலையில் சேர்ந்து ஆறு மாதம்கூட ஆகாத பெண், அறை வாடகையை அடுத்த மாதம் தருகிறேன் என்று சொல்கிறாள். அவளிடமும் யாரும் கேட்கவில்லை.

இந்த இதழில் அளவு எடுக்கும் முறையைப் படங்களோடு கொடுத்திருக்கிறோம். அன்று போடப்போகும் உள்ளாடையோடும் செருப்போடும் நின்று, இன்னொருவரை டேப் பிடிக்கச் சொல்லி, மூச்சை இழுத்துப் பிடிக்காமல் எடுக்க வேண்டும். கழுத்துக் குழியிலிருந்து தரை வரைக்குமான நீளத்தையும் மறக்காமல் குறித்துக்கொள்ளுங்கள். நியூஜெர்சியில் எடிசன், டொரண்டோவில் ஸ்கார்பரோ, லண்டனில் ஹாரோ பக்கம் நியாயமான கூலிக்கு நல்ல ஆல்டரேஷன் செய்து தருகிற தையற்காரர் யாரையாவது உங்களுக்குத் தெரிந்தால், அவரிடம் அனுமதி கேட்டுக்கொண்டு எங்களுக்கு எழுதுங்கள். அடுத்த மாதம் முதல் அவர்களின் விவரங்களை வெளியிடுகிறோம்.

அன்புடன்,
ஆசிரியர்