பெயர்ந்த சுவரும் கொத்தனார் கூலியும்

மழைக்காலம் கழிந்து தை பிறந்ததும் பெரம்பூர் இல்லங்களில் ஒரு விவாதம் எழுவது வழக்கம். கூடத்துச் சுவரில் காரை பெயர்ந்திருக்கிறது. நாமே பூசிக்கொள்வதா, கொத்தனாரை அழைப்பதா? ரயில்வே பட்டறைகளும், 1955-இல் நேரு திறந்துவைத்த ரயில்பெட்டித் தொழிற்சாலையும் உள்ள ஊர் இது. கருவியைக் கையில் எடுக்கக் கூசாதவர்கள் தெருவுக்குத் தெரு உண்டு. ஆகவே, "இதற்குப் போய்க் கூலியா?" என்று வீட்டுக்காரர் சொல்வதும், "போன வருஷம் நீங்கள் பூசிய இடந்தானே இது?" என்று வீட்டம்மாள் கேட்பதும் இயற்கையே.

நான் அந்த அம்மாள் பக்கம். ஆனால் கொத்தனாரை உடனே அழைக்க வேண்டும் என்பதற்காக அல்ல. வருஷந்தோறும் ஒரே இடத்தில் பெயர்கிற சுவரை யார் பூசினாலும் அது மறுபடி பெயரத்தான் செய்யும். விளக்குத் திரி எண்ணெயை இழுப்பதுபோலச் செங்கல் நிலத்து நீரை மேலே இழுக்கிறது. நீர் ஆவியாகிப் போய்விடும். அதில் கரைந்து வந்த உப்பு போவதில்லை. பூச்சுக்குள் அது படிகமாக இறுகிக் காரையை வெளியே தள்ளுகிறது. ஓதம் என்று நாம் சொல்வது இதுதான். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளம் வட சென்னை வீடுகளுக்குள் புகுந்தது நினைவிருக்கும். அவ்வாறு நனைந்த சுவர் உள்ளே உலர மாதக் கணக்காகும். பொங்கலுக்குள் வர்ணம் அடித்தே தீரவேண்டும் என்று அவசரப்பட்டால், பணம் மாசியில் செதில் செதிலாக உதிரும்.

எனவே பூசுவதற்கு முன், பார்ப்பது என்ற வேலை ஒன்று இருக்கிறது. அதைக் கூலிக்கு விட முடியாது. கொத்தனார் சுவரை ஒரு நாள் பார்க்கிறார். நீங்கள் பன்னிரண்டு மாதமும் பார்க்கிறீர்கள். ஈரம் மழையில் மட்டும் வருகிறதா, கோடையிலும் நிற்கிறதா? கோடையிலும் நின்றால் அடுத்த பக்கத்துக் குளியலறைக் குழாயைச் சந்தேகிக்கலாம். ஒரு முழ அகலப் பிளாஸ்டிக் தாளைச் சுவரில் நான்கு ஓரமும் ஒட்டி இரண்டு நாள் விட்டுவையுங்கள். தாளின் உட்புறம் வியர்த்திருந்தால் நீர் சுவருக்குள்ளிருந்து வருகிறது. பின்பு விரல் முட்டியால் சுற்றிலும் தட்டிப் பாருங்கள். பெயர்ந்த இடத்துக்கு வெகு தூரம் வரை 'டொப் டொப்' என்று பொள்ளலாக ஒலித்தால் அது உங்கள் ஞாயிற்றுக்கிழமைக்கு அடங்கும் வேலையன்று.

ஆணி பிடுங்கிய குழி, மேசை இடித்த உள்ளங்கை அகலச் சேதம், உலர்ந்த சுவரில் மயிரிழை வெடிப்பு இவற்றுக்கு ஆள் தேடுவது வீண். தளர்ந்ததைச் சுரண்டி, தூசு தட்டி, நீர் தெளித்து, சாந்து அப்பி, ஒரு வாரம் ஈரம் காயாமல் காத்தால் போதும். சுவிட்சுக்கு நேர் மேலும் கீழும் மட்டும் உளி வைக்காதீர்கள். மின்கம்பி அங்கேதான் ஓடும்.

பழைய வீட்டுக்காரர்களுக்கு ஒரு வார்த்தை. பழவேற்காட்டுப் பக்கத்துக் கிளிஞ்சல் பக்கிங்காம் கால்வாய்ப் படகுகளில் நகருக்கு வந்த காலத்தில் எழுந்தவை உங்கள் சுண்ணாம்புச் சுவர்கள். அவற்றின் மேல் சிமெண்டு பூசினால் சுவர் மூச்சுவிட வழியற்றுப் போகும். ஈரம் ஒட்டுக்குச் சுற்றிப் போய்ப் பக்கத்துக் காரையைத் தின்னும். சுண்ணாம்பு வேலை தெரிந்த கொத்தனார் இன்று அரியவர். கிடைத்தால் கேட்ட கூலியைக் கொடுங்கள், பேரம் வேண்டாம்.

புது அடுக்குமாடிகளில் தடுப்பாகவும் பொய்க்கூரையாகவும் வந்திருக்கும் ஜிப்சம் பலகையின் கதை வேறு. அமெரிக்காவில் 1894-இல் அகஸ்டின் சாக்கெட் என்பவர் காப்புரிமை பெற்ற பலகையின் வழித்தோன்றல் இது. அங்கே மரச்சட்ட வீடுகளின் உட்சுவரே இதுவாகையால் குடும்பஸ்தர் தாமே ஓட்டையை அடைத்துக்கொள்கிறார்கள். நாமும் செய்யலாம், வலைநாடா ஒட்டி, பட்டி பூசி, உப்புத்தாளால் தேய்த்தால் தீர்ந்தது. ஆனால் நீரில் ஊறி உப்பிய பலகையை ஒட்டுப்போட முடியாது. அறுத்தெடுத்துப் புதிது வைக்கத்தான் வேண்டும்.

இவ்வளவும் சுவரைப் பற்றி. தலைக்கு மேலுள்ள கான்கிரீட் தளத்தில் காரை விழுந்து துருப்பிடித்த கம்பி தெரிந்தால் விவாதத்துக்கே இடமில்லை. துரு, தான் தின்ற இரும்பைவிட இரு மடங்குக்கும் மேலாகப் பருத்துக் கான்கிரீட்டைப் பிளக்கிறது. உப்புக் காற்று வீசும் கடலோரத்தில் இது இன்னும் விரைவு. அங்கே கொத்தனாரும் போதாது, கட்டடப் பொறியாளர் பார்க்க வேண்டும். வாடகை வீடானால் சொந்தக்காரருக்கு எழுத்தில் தெரிவியுங்கள். அவர்கள் வரும்போது வரட்டும். குழந்தைகளின் படுக்கையை அவ்விடத்திலிருந்து இன்றிரவே நகர்த்திப் போட்டுவிடுங்கள்.