மண்ணுக்கு ப்ரமோஷன்

ஒயினுக்கு ரேங்க் போடுவதில் பிரெஞ்சுக்காரர்களை மிஞ்ச ஆளில்லை. அதிலும் இரண்டு கட்சி. மேற்கே போர்டோவில் 1855-ல் ஒரு பட்டியல் போட்டார்கள். அங்கே ரேங்க், எஸ்டேட்டுக்கு. கிழக்கே பர்கண்டியில் கதையே வேறு. ரேங்க், மண்ணுக்கு! முதலாளி இன்றைக்கு வருவார், நாளைக்குப் போவார். மண் அங்கேயேதான் இருக்கும்.

மொத்தம் நாலு க்ரேடு. அடிமட்டத்தில், பிரதேசத்தின் பெயரை மட்டும் போட்டு வருகிற ஒயின். உற்பத்தியில் ஏறக்குறைய பாதி இதுதான். அதற்கு மேலே கிராமத்தின் பெயர். அதற்கும் மேலே 'ப்ரெமியே க்ரூ'. உச்சாணிக் கொம்பில் 'க்ராண்ட் க்ரூ'. மொத்தமே 33 பெயர்கள். உற்பத்தியில் சுமார் 1 சதவீதம்.

இந்த ஏற்றத்தாழ்வெல்லாம் சில இடங்களில் ஒரு வண்டிப்பாதை அகலம்தான். டிஜோன் நகரிலிருந்து தெற்கே சுமார் 50 கிலோமீட்டருக்கு ஒரு மலைச்சரிவு. உச்சியில் குளிர். அடிவாரத்தில் தண்ணீர் தேங்கும். நடுச்சரிவில் சுண்ணாம்புக்கல் மண். தண்ணீர் வடிந்துவிடும், காலை வெயில் நேராக விழும். ஆகவே நடு ஆசாமி க்ராண்ட் க்ரூ; ரோட்டோர ஆசாமி வெறும் கிராமம். ப்ரமோஷன் என்பது அத்தி பூத்த மாதிரி. 'லா க்ராந்த் ரூ' என்று ஒரு நாலு ஏக்கர் நிலம், 1992-ல்தான் க்ராண்ட் க்ரூ ஆயிற்று. நம் ஆபீஸே தேவலை!

கிராமங்கள் சும்மா இருக்குமா? ஜெவ்ரே என்ற ஊரில் 'ஷாம்பெர்த்தன்' என்று புகழ்பெற்ற தோட்டம். 1847-ல் ஊரே தன் பெயரை 'ஜெவ்ரே-ஷாம்பெர்த்தன்' என்று மாற்றிக்கொண்டது. பணக்காரச் சம்பந்தியின் பெயரைச் சொல்லி பந்தியில் முந்துகிற வேலை! லேபிளில் வெறும் ஷாம்பெர்த்தன் என்றிருந்தால் உச்சாணி. முன்னால் ஜெவ்ரே ஒட்டிக்கொண்டு, வேறெதுவும் இல்லாவிட்டால் கிராமம்தான்.

சரி, வாயில் விட்டால் எப்படியிருக்கும்? சிவப்புக்கு முக்கியமாக 'பினோ நுவார்' திராட்சை. தோல் மெல்லிசு; அதனால் நிறமும் வெளிறித்தான் இருக்கும், துவர்ப்பும் குறைச்சல். இள வயதில் செர்ரி, ராஸ்ப்பெர்ரி வாசனை. வயதானால் காளான், மழையில் நனைந்த சருகு. (இதற்கா இத்தனை காசு என்று கேட்காதீர்கள்.) வெள்ளைக்கு 'ஷார்டனே'. அதே திராட்சை ஷாப்லியில் பச்சை ஆப்பிள் மாதிரி வெடுக்கென்று இருக்கும். மெர்ஸோவில் வெண்ணெய் மணக்கும். பாக்டீரியா புகுந்து, ஆப்பிளில் உள்ள மாலிக் அமிலத்தை, தயிரில் உள்ள லாக்டிக் அமிலமாக மாற்றும்போது டைஅசிட்டைல் என்ற வஸ்து உண்டாகிறது. வெண்ணெய் வாசனை அதன் உபயம்.

க்ராண்ட் க்ரூ என்றாலே அமிர்தம் என்று முடிவு கட்டிவிடாதீர்கள். 'க்ளோ த வூஜோ' தோட்டம் சுமார் 125 ஏக்கர். துறவிகள் சுவர் எழுப்பிக் காத்தது. பிரெஞ்சுப் புரட்சியில் பறிபோய், 1889-ல் துண்டு துண்டாக விலைபோய், இன்றைக்குச் சுமார் 80 பங்காளிகள். சுவருக்குள் மேடும் உண்டு, ரோட்டோரப் பள்ளமும் உண்டு. மாடாய் உழைப்பவருக்கும், பேரை வைத்துக் காலம் தள்ளுபவருக்கும் ஒரே பட்டம்!

பெயரைக் குடிக்கிற கூட்டம் இருக்கும்வரை ஏமாற்றுபவனுக்குக் கொண்டாட்டம். ரூடி குர்னியவான் என்ற ஆசாமி, கலிஃபோர்னியாவில் தன் வீட்டிலேயே மலிவான ஒயின்களைக் கலந்து, பழைய பர்கண்டி லேபிள் ஒட்டி விற்றார். பெரிய பெரிய நாக்குகள் எல்லாம் சப்புக்கொட்டின. 2008-ல் நியூயார்க் ஏலத்துக்கு, பொன்ஸோ குடும்பத்தின் 'க்ளோ ஸான் டெனி' 1945 பாட்டில் வந்தது. அந்தக் குடும்பமோ அந்த ஒயினைத் தயாரிக்க ஆரம்பித்ததே 1980-களில்! லாரன் பொன்ஸோ நேரில் போய் ஏலத்தை நிறுத்தினார். ரூடிக்கு 2014-ல் பத்து வருஷம் சிறை. கவனியுங்கள், குட்டு வெளிப்பட்டது நாக்கால் அல்ல, தேதியால்.

ஆகவே, லேபிளில் பெரிய எழுத்தில் மண்ணின் பெயர் இருந்தால் மயங்காமல், கீழே பொடி எழுத்தில் உள்ள தயாரிப்பாளர் பெயரைப் பாருங்கள். கைதேர்ந்தவர் செய்த கிராம ஒயின், சோம்பேறியின் க்ராண்ட் க்ரூவைத் தோற்கடிப்பதுண்டு. யாராவது பார்ட்டியில் பாட்டிலைத் தூக்கிக்கொண்டு க்ராண்ட் க்ரூ என்று அலட்டினால், அமைதியாக 'யார் செய்தது?' என்று மட்டும் கேளுங்கள். குடிக்காமலேயே பெரிய ரசிகர் என்று பெயர் வாங்கிவிடலாம். உடம்புக்கும் நல்லது.