வீட்டிலிருந்தபடியே

வீட்டிலிருந்தபடியே சம்பாதிக்கலாம் என்கிறார்கள். நானும் சம்பாதிக்கிறேன். சூரத், இளம்பிள்ளை மொத்த வியாபாரிகள் அனுப்பும் சேலைப் படங்களை வாட்ஸ்அப்பில் போடுகிறேன்; ஆர்டர் வந்தால் அவர்களே பார்சல் அனுப்பிவிடுவார்கள். சேலைக்கு 50 ரூபாய் எனக்கு. சாயம் போனால் வசவும் எனக்கு. திரும்பி வந்தால் கூரியர் செலவும் எனக்கு.

முதலே வேண்டாமாம். இரவு பதினொன்றுக்கு அடுப்படியைத் துடைத்துவிட்டு விலை சொல்ல உட்காருகிறேனே, அந்தத் தூக்கம் முதல் இல்லையா? 2019 நேரப் பயன்பாட்டுக் கணக்கெடுப்பின்படி, இந்தியாவில் வீட்டுவேலை செய்யும் பெண்கள் அதற்கு நாளொன்றுக்கு 299 நிமிடங்கள் செலவிட்டார்கள், ஆண்கள் 97. அதில் ஒரு நிமிடத்தையும் குறைக்காமல், தலையில் ஒரு கடையையும் ஏற்றிவைத்துவிட்டு, இதற்குச் சுதந்திரம் என்று பெயர் வைக்கிறார்கள்.

"சும்மா இருக்குற நேரத்துல ஏதோ பண்றா" என்கிறார் கணவர். கடையை நான் மூடப் போவதில்லை. இரவுச் சமையலை இனி அவர் பார்க்கட்டும்.