குறையுரைப்பார்க்கு வாயில் திறந்திடுக

நூலொன்றை அரங்கேற்றுமிடத்து அவையோர் குற்றங் கண்டு கூறுதலும், ஆசிரியர் அதனை ஏற்றுத் திருத்துதலும் நம் முன்னோர் கண்ட மரபாகும். அம்மரபு இன்று புத்துயிர் பெற்று விளங்குமிடம் திறந்த மூல மென்பொருள் உலகமென்றால் அது மிகையாகாது. மூல நிரலை யாவரும் பார்க்கவும், திருத்தவும், பிறர்க்கு வழங்கவும் உரிமையளிப்பன இம்மென்பொருள்கள். இவற்றுட் பல, ஊதியங் கருதாத அன்பர்களின் உழைப்பால் நிலைபெறுவன. இவற்றில் நேரும் பிழைக்கு, இலக்கண நூலார் வழங்கிய 'வழு' என்னும் சொல்லே தமிழிற் பெயராயிற்று.

பலர் பார்ப்பதனால் வழு நீங்குமென்பர். பார்த்தல் மாத்திரம் போதுமா? கண்டவர் சொல்லவேண்டும், சொல்லுதற்கு இடமும் வேண்டும். 2024ஆம் ஆண்டு மார்ச்சு மாதத்தில், தொலைக்கணினியுட் புகுதற்கு வழமையிலும் அரைநொடியளவு கூடுதலாகச் செல்வதை அன்ட்ரெஸ் பிராய்ன்ட் என்னும் பொறியியலாளர் கவனித்தார். அதன் காரணத்தைத் தேடியவர், எக்ஸ்இசெட் என்னும் சுருக்கு மென்பொருளில் வஞ்சகமாகப் புகுத்தப்பட்ட கள்ளவாயிலைக் கண்டு உலகறியச் செய்தார். எங்கே, எவ்வாறு சொல்லவேண்டுமென்பதனை அவர் அறிந்திருந்தார். அறியாதார் ஒருவர் கண்ணில் அது பட்டிருப்பின் யாதாகியிருக்கும்?

அறியாதார் நிலை இரங்கத்தக்கது. வழுவைக் கண்டவர் முதலிற் கணக்கொன்று திறக்கவேண்டும். பின்னர், தாம் கேள்விப்பட்டிராத பல உறுப்புக்களுள் எதன்கண் வழுவுண்டெனத் தெரிவு செய்யவேண்டும். நீண்ட படிவத்தை ஆங்கிலத்தில் நிரப்பவேண்டும். இத்தனையும் செய்தபின், 'இது முன்னரே அறிவிக்கப்பட்டது' என்னும் ஒற்றை வரியோடு கதவு மூடப்படுமாயின், அவர் மீண்டும் அவ்வழி வருவாரா?

மறுபக்கத்தையும் நாம் மறத்தலாகாது. மென்பொருளைப் பேணுவாருட் பலரும் தொண்டரே. பகலெல்லாம் தொழில் பார்த்து, இரவில் எஞ்சிய பொழுதை ஈபவருக்கு, 'வேலை செய்யவில்லை' என்னும் இரு சொற்களால் யாது பயன்? வழு தம் கண்முன்னே தோன்றினாலன்றி நிரலாளர் அதனைத் திருத்தல் அரிது. ஆதலால், படிவத்தை அறவே ஒழித்தல் தீர்வாகாது.

கணினி அறிந்ததைக் கணினியே சொல்லட்டும்; மனிதர் அறிந்ததை மட்டும் மனிதரிடங் கேட்போம் என்பதே எமது கருத்து. டெபியன் திட்டத்தார் இதற்கு வழிகாட்டியுள்ளனர். அவர்களது 'ரிப்போர்ட்பக்' என்னுங் கருவி, மென்பொருளின் பதிப்பெண் முதலிய விபரங்களைத் தானே திரட்டுகின்றது. முன்னரே வந்த முறைப்பாடுகளை எடுத்துக் காட்டுகின்றது. கணக்கெதுவுங் கேளாது மின்னஞ்சலில் அனுப்புகின்றது. யாது செய்தீர், யாது எதிர்பார்த்தீர், யாது நிகழ்ந்தது என்பவற்றையே அன்பரிடங் கேட்டல் வேண்டும்.

மொழித்தடையும் நீங்கவேண்டும். 'கொ' என்னும் எழுத்திற் கொம்பு இடமாறித் தோன்றுமாயின், தமிழ் படிக்கத் தெரிந்தவரன்றி வேறெவர் அதனைக் காண்பர்? ஆங்கிலம் எழுத வராதென அவரைத் திருப்பியனுப்பினால் அவ்வழு நிலைத்துவிடும். திரைப்படமொன்றையும் தாய்மொழியில் நான்கு வரிகளையும் ஏற்றுக்கொண்டால், மொழிபெயர்த்துதவத் தொண்டர் முன்வருவர்.

இறுதியாக, நன்றி நவிலல் வேண்டும். 'டெக்' என்னும் அச்சுக்கோப்பு மென்பொருளை ஆக்கிய பேராசிரியர் டொனால்ட் கனூத், தம் நூலிற் பிழையொன்றை முதலிற் காட்டியவர்க்கு 2.56 டொலருக்குக் காசோலை அனுப்பினார். பெற்றவர் பலர் அதனைப் பணமாக்காது சட்டமிட்டுச் சுவரில் மாட்டினர். தொகை சிறிது, மதிப்போ பெரிது.

மாணவ நண்பர்களே! நிரலெழுதத் தெரியாதென ஒதுங்கி நில்லாதீர்கள். கண்ட வழுவைத் தெளிவுறச் சொல்லுதலும் தொண்டேயாம். கணினித் துறையில் விளங்கும் பழைய மாணவர்களே! குறை சொல்ல வருபவர் இரவலரல்லர், கொடையாளர். அவர்க்கு வாயிலை அகலத் திறந்து வையுங்கள்.