புயல் எச்சரிக்கை சேரிக்கு எப்போது வரும்?

வடகிழக்குப் பருவமழை தொடங்கினால் அந்தப் பட்டியலும் கூடவே வந்துவிடும். மூன்று நாளைக்கு உணவு வாங்கி வையுங்கள், குடிநீரைச் சேமியுங்கள், செல்போனை சார்ஜ் செய்யுங்கள், ஆவணங்களைப் பத்திரப்படுத்துங்கள், உறுதியான கட்டடத்துக்குச் செல்லுங்கள். இதில் எதுவும் தவறான அறிவுரை அல்ல. ஆனால் அன்றைய கூலியில் அன்றைய அரிசி வாங்கும் வீட்டில் மூன்று நாள் உணவு எங்கிருந்து வரும்? புயல் அறிவிப்பு வந்த அன்றே வேலை நின்றுவிடுகிறது. முன்தயாரிப்புக்குப் பணம் தேவைப்படும் நாளில்தான் கையில் பணம் இருப்பதில்லை. உறுதியான கட்டடம் ஊருக்குள் இருக்கிறது. கீற்றுக் கொட்டகை தாழ்வான சேரியில் இருக்கிறது.

2018 நவம்பர் 16 அதிகாலை, கஜா புயல் நாகப்பட்டினத்துக்கும் வேதாரண்யத்துக்கும் இடையே கரையைக் கடந்தது. விழுந்த தென்னை ஒன்றுக்கு, அப்புறப்படுத்தும் செலவையும் சேர்த்து 1,100 ரூபாய் என்று அரசு அறிவித்தது. மரத்தின் உரிமையாளருக்கே அது போதாது. மரம் சொந்தமில்லாமல் மரத்தை நம்பி வாழ்ந்தவர்களோ அந்தக் கணக்கிலேயே இல்லை. தேங்காய் பறித்தவர், மட்டை உரித்தவர், கீற்று முடைந்த பெண்கள் ஆகியோருக்குப் புதிய கன்று காய்க்கும்வரை பல ஆண்டு வேலை போனது. இழப்பீடு நிலத்தைப் பார்த்துக் கணக்கிடப்படுகிறது. நிலம் யாரிடம் இருக்க வேண்டும் என்பதைச் சாதி முன்பே தீர்மானித்துவிட்டது.

கள ஆய்வுக்காக அந்தப் பகுதிக்குப் போனபோது, புயல் இரவில் வீட்டைவிட்டு வெளியேற மறுத்த ஒரு பாட்டியைச் சந்தித்தேன். முகாமில் ஆடுகளுக்கு இடமில்லை என்றார்கள், அதனால் போகவில்லை என்றார். அலுவலகக் குறிப்பில் இது 'ஒத்துழைக்க மறுப்பு' ஆகிவிடும். அவருக்கோ அந்த இரண்டு ஆடுகள்தான் வங்கிக் கணக்கு.

முகாம் என்றாலே தயங்குவதற்கு இன்னொரு காரணமும் உண்டு. 2004 சுனாமிக்குப் பிறகு நிவாரண முகாம்களில் தலித் மக்கள் ஒதுக்கப்பட்டதை மனித உரிமை அமைப்புகள் பதிவு செய்திருக்கின்றன. படகும் வலையும் இழந்தவர்கள் பட்டியலில் வந்தார்கள். மீன் சுமந்தவர்களும் கூலிக்குப் போனவர்களும் தாங்களும் பாதிக்கப்பட்டவர்களே என்று நிரூபிக்க வேண்டியிருந்தது. பிணங்களை அகற்ற மட்டும் துப்புரவுத் தொழிலாளர்கள் வெளியூர்களிலிருந்தும் அழைத்து வரப்பட்டார்கள்.

முன்தயாரிப்பால் உயிர்களைக் காக்க முடியும் என்பதில் சந்தேகமில்லை. ஒடிசாவில் 1999 பெரும்புயலில் சுமார் பத்தாயிரம் பேர் இறந்தார்கள். 2013இல் பைலின் புயலின்போது ஏறத்தாழ பத்து லட்சம் பேர் முன்கூட்டியே வெளியேற்றப்பட்டார்கள். இறந்தவர்கள் நூற்றுக்கும் குறைவு. இடைப்பட்ட ஆண்டுகளில் புயல் காப்பகங்கள் கட்டப்பட்டன, கிராமங்களில் தொண்டர்கள் பயிற்சி பெற்றார்கள். ஆனால் உயிர் பிழைத்தவரின் கூரையும் கூலியும் மரியாதையும் அதே பட்டியலில் வர வேண்டும்.

ஆகவே நம் கோரிக்கைகள் தெளிவாக இருக்கட்டும். எச்சரிக்கை அறிவித்த நாளிலேயே கூலிக் குடும்பங்களுக்கு ரொக்கமும் அரிசியும் தர வேண்டும். கொட்டகைகளுக்குப் பதில் பட்டாவுடன் கான்கிரீட் வீடு வேண்டும். பேரிடர் மையங்கள் சேரிக்கு நடந்துபோகும் தொலைவில், கால்நடைகளுக்கும் இடத்தோடு அமைய வேண்டும். முகாம் குழுவில் தலித் பெண்கள் இருக்க வேண்டும். இழந்த வேலைநாளுக்கும் இழப்பீடு வேண்டும்.

தோழர்களே, அக்டோபர் 2 கிராம சபை பருவமழைக்குச் சற்று முன்பு வருகிறது. அன்று இவற்றைத் தீர்மானமாக்க முடியும். அதற்கு முன் சேரிக்குப் போய், தனியாக இருக்கும் முதியவர், கர்ப்பிணி, மாற்றுத்திறனாளி யார் யார் என்று பட்டியல் எடுங்கள். ரேஷன் அட்டையையும் வங்கிப் புத்தகத்தையும் நகலெடுத்து வைக்க உதவுங்கள். பேரிடர் மையத்தின் சாவி யாரிடம் இருக்கிறது என்று கேளுங்கள். புயல் முடிந்தபின் பிஸ்கட் பாக்கெட்டோடு போவதைவிட, அந்தச் சாவியைத் தேடி இப்போதே போவது பெரிய தோழமை.