பதினாறு ஓட்டத் தோல்வியும் நம்ம பிள்ளையும்

புதுக்கடை உறவுகளே,

போன கிழமை 15 வயதுக்குட்பட்டோர் இறுதி மெட்சில் நம்ம பிள்ளைகள் 3 ஓட்டத்தால் தோற்றார்கள். கடைசி ஓவரில் தூக்கி அடித்து கெட்ச் கொடுத்த மகனைப் பற்றி அன்றிரவே நம்ம வட்ஸ்அப் குரூப்பில் எழுதித் தள்ளிவிட்டோம். "இவனாலதான் கப் போனது" என்று பெரியவர்களும் எழுதினார்கள். அவன் என் வகுப்புப் பிள்ளை. நேற்று அவனுடைய உம்மா வந்து, "சேர், இனி பெட்டைத் தொடவே மாட்டேன் என்கிறான்" என்றார்.

எனக்கு அவன் வயதில் பார்த்த ஒரு தோல்வி ஞாபகம் வந்தது. 1992 ஓகஸ்ட், எஸ்.எஸ்.சி. மைதானம், அவுஸ்திரேலியாவுடன் டெஸ்ட். முதல் இன்னிங்ஸில் அவர்கள் 256. நாம் 8 விக்கெட்டுக்கு 547. கடைசி நாள் வெற்றிக்கு 181 போதும். 2 விக்கெட்டுக்கு 127 வரை போய்விட்டோம். அரவிந்த டி சில்வா 32 பந்தில் 37 அடித்திருந்தார். வீட்டில் ரேடியோவைச் சுற்றி எல்லோரும் சிரித்துக்கொண்டிருந்தோம்.

மெக்டெர்மொட்டின் பந்தை அரவிந்த தூக்கி அடித்தார். அலன் போர்டர் பின்னோக்கி ஓடிப் பிடித்தார். அதன்பின் 164க்கு எல்லோரும் அவுட். 16 ஓட்டத்தால் தோல்வி. "அரவிந்த அந்த அடியை அடிக்காமல் இருந்திருந்தால்..." என்று இன்றைக்கும் பேசுகிறோம்.

கணக்கைப் பாருங்கள். 291 ஓட்டம் பின்னால் நின்ற அணி, ஒரு சதமும் இல்லாமல் இரண்டாம் இன்னிங்ஸில் 471 எடுத்தது. அதை விட்டுக்கொடுத்தது யார்? அரவிந்தவுக்குப் பின் வந்தவர்களில் ஒருவர்கூட 10 ஓட்டம் எடுக்கவில்லை. குருசிங்க 31 ஓட்டத்தோடு தனியாக நின்றார். எட்டு விக்கெட் 37 ஓட்டத்தில் போனது. இதெல்லாம் ஒரே ஆளின் பிழையா?

மற்றப் பக்கத்தையும் பாருங்கள். அந்த மெட்சின் முதல் இன்னிங்ஸில் 107 ஓட்டம் கொடுத்து ஒரு விக்கெட்டும் எடுக்காத ஒரு பையனிடம்தான் போர்டர் கடைசி நேரத்தில் பந்தைக் கொடுத்தார். அவன் கடைசி மூன்று விக்கெட்டையும் ஓர் ஓட்டமும் கொடுக்காமல் எடுத்தான். பெயர் ஷேன் வோர்ன். முதல் நாளே அவனை ஒதுக்கியிருந்தால்?

நம்மவர்களும் அரவிந்தவை ஒதுக்கவில்லை. 1996 மார்ச் 17, லாஹூர், அதே அவுஸ்திரேலியா, உலகக் கிண்ண இறுதி. 3 விக்கெட், ஆட்டமிழக்காமல் 107. எஸ்.எஸ்.சி.யில் தோற்ற ரணதுங்க, குருசிங்க, மஹாநாம, களுவிதாரணவும் அன்று கூட இருந்தார்கள்.

"அப்படியென்றால் பிழையைச் சொல்லக்கூடாதா?" என்று கேட்பீர்கள். சொல்லத்தான் வேண்டும். எந்தப் பந்தை விட வேண்டும், எதை அடிக்க வேண்டும் என்று மைதானத்தில் நின்று, பந்து போட்டு, கோச் சொல்லட்டும். இரவு பதினொரு மணிக்கு 200 பேர் பார்க்கும் குரூப்பில் சொல்வது பயிற்சி அல்ல. நம்ம ஊரில்தான் நாட்டின் பெரிய நீதிமன்றங்கள் இருக்கின்றன. அங்கேகூட இரண்டு பக்கமும் கேட்ட பிறகுதான் தீர்ப்பு. நாம் ஒரு பதினான்கு வயதுப் பிள்ளைக்கு அந்த அவகாசத்தைக்கூடக் கொடுக்கவில்லை.

அந்த மெட்சில் நாம் உதிரியாகக் கொடுத்த ஓட்டங்கள் மட்டும் 19. தோற்றது 3 ஓட்டத்தால். அந்த 19ஐப் பற்றி யாரும் ஒரு வரியும் எழுதவில்லை, ஏனென்றால் அதில் போடுவதற்கு ஒரு பெயர் இல்லை.

எழுதியவர்கள் தயவுசெய்து அழித்துவிடுங்கள். வெள்ளிக்கிழமை ஜும்ஆ முடிந்து அவனைக் கண்டால், "மகன், சனிக்கிழமை பிரெக்டிஸுக்கு வா" என்று ஒரு வார்த்தை சொல்லுங்கள். நானும் காலையில் அவன் வீட்டுக்குப் போய்க் கூட்டிக்கொண்டு வருவேன், இன்ஷா அல்லாஹ். முதல் பெட்டிங் அவனுக்குத்தான். கோச்சிடம் பேசிவிட்டேன்.